பத்தில் ஒரு பங்கு

அணுத்துகள்களின் மோதலில் பீறிட்டுப் பாயும் துகள் கற்றையில், மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கிளைகளைக் குப்பையென்று கழித்துவிடலாம். இந்த விதியைக் கணக்குப் போட்டு நிறுவ ஆராய்ச்சி மாணவி அபரஞ்சிக்கு நான்கு வருடம் பிடித்தது. ஆய்வுக் கட்டுரையின் கடைசி வரைவு வந்தபோது, முகப்பில் எழுதியவர்கள் பட்டியலில் அகரவரிசைப்படி முதலாவதாக நிற்கவேண்டிய அவள் பெயரைக் காணோம். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் வரியில் கிடந்தது.

"சார், என் பேரு?"

பேராசிரியர் தேசிகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யோசிச்சுப் பாத்தேம்மா. மொத்த வேலையில உன் பங்கு பத்துல ஒண்ணுகூடத் தேறாது."

அறைக் கரும்பலகையில் அந்த விதி அவள் கையெழுத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. அபரஞ்சி சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து பிழை தேடினாள். கடைசி வரி வரை போயும் ஒன்றுகூட அகப்படவில்லை.