கடையிலேயே உசத்தியான பேட்டரி

"ஊரே கேட்டுக்கங்க! இவ விக்கிறது பேட்டரி இல்ல, செங்கல்!"

எலிஹியோ பேட்டரியை மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

கடைக்காரி மிலேடி மீட்டரை வைத்துப் பார்த்தாள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம்தானே முழுசா சார்ஜ் ஏத்திக் குடுத்தேன், பெரியவரே?"

"குடுத்தே. காலைல சாவியைத் திருப்பினா ஒரு முனகல்கூட இல்ல. கிக்கரை உதைக்க என் முட்டி ஒத்துக்காது. செல்ஃப் எடுக்கலைன்னா நான் எப்படித் தொழிலுக்குப் போறது?"

கடைக்கு எதிரிலேயே மோட்டார்சைக்கிள் டாக்சி ஸ்டாண்டு. அசுவா ஊரில் பஸ் போகாத சந்துக்கெல்லாம் ஆளை ஏற்றிப் போவது இவர்கள்தான். அவர்களில் மூத்தவர் எலிஹியோ. வறுத்த வாழைக்காயைத் தின்றுகொண்டே மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"பெரியவர் தினமும் அதை இடுப்புல தூக்கிக்கிட்டு வர்றாரே, ஞானஸ்நானம் எப்போ?" என்றான் ஒருவன்.

"பேரு வச்சாச்சா?" என்றான் இன்னொருவன்.

மிலேடிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேட்டரிக்கு அவள் செய்யாத வைத்தியம் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினாள். முனைகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பைத் தேய்த்து எடுத்து கிரீஸ் தடவினாள். வயரில் எங்காவது கரன்ட் கசிகிறதா என்று வண்டியையும் பார்த்துவிட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் விடிந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

அவள் உள்ளே போய், தண்ணீர் ஊற்றவே தேவையில்லாத சீல் வைத்த பேட்டரி ஒன்றை எடுத்து வந்தாள். கடையில் அதைவிட உசத்தி கிடையாது.

"இதை மாட்டுங்க. பைசா வேணாம். என் கடைப் பேரு போகாம இருந்தாச் சரி."

மறுநாள் காலை அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுவும் செத்திருந்தது. அன்றைக்குச் சத்தம் சந்தை வரைக்கும் கேட்டது.

பேட்டரி மாற்ற வந்திருந்த ஸ்டாண்டுக்காரன் ஒருவன், வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனான். அவன் பின்னாலேயே இன்னொருவனும் போனான். இந்தக் கடையை விட்டால் மிலேடிக்கு வேறு பிழைப்பில்லை.

மத்தியானம் எலிஹியோவின் மனைவி நெரெய்தா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு பின்பக்கமாக வந்தாள்.

"மிலேடி, என்னைத் திட்டிடு. பேட்டரியைக் கொல்றது நான்தான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவர் படுத்ததும் சாவியைத் திருப்பி லைட்டை எரிய விட்டுடுவேன். வெளிச்சம் தெரியாம இருக்கப் போர்வையைப் போட்டு மூடிட்டு, பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். அணைஞ்சதும் சாவியை ஆஃப் பண்ணிட்டு வந்து படுப்பேன்."

"ஏங்க்கா? என் கடை நாசமாப் போகணும்னா?"

"அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. போன மாசம் வாழைத்தார் வண்டில கொண்டுபோய் மோதினார். வண்டி குறுக்க வந்துச்சாம். அது ஓரமா நின்னுட்டிருந்த வண்டி! பின்னாடி ஒரு பிள்ளைத்தாச்சி உட்கார்ந்திருந்தா. ஏதோ தப்பிச்சா. கண் நரம்பு செத்துப்போச்சு, இனி திரும்பாதுன்னு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்."

"அதை அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்வேன்? அந்த வண்டிதான் அவருக்கு உசுரு. பேட்டரி கெட்டுச்சுன்னா பேட்டரியைத் திட்டுவார், உன்னைத் திட்டுவார். கண்ணு கெட்டுச்சுன்னா யாரைத் திட்டுவார்? சோத்துக்கு ஒண்ணும் குறையில்ல, மக நியூயார்க்லேர்ந்து அனுப்புறா. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கம்மா."

நெரெய்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

பாவம்தான். ஆனால் அந்தப் பாவத்தை என் கடை எத்தனை நாள் சுமக்கும்? நாளைக்கு எனக்கு யார் சோறு போடுவார்கள்? யோசிக்க யோசிக்க மிலேடிக்குக் கோபம்தான் மிஞ்சியது. சாயங்காலம் பேட்டரியை வாங்க அவர் வரும்போது உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

எலிஹியோ வந்தார். கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"வேற யாராவது இருக்காங்களாம்மா?"

அவள் எதிரில்தான் நின்றிருந்தாள். கடை காலியாக இருந்தது.

"யாருமில்ல. உட்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் சொல்லிடறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஸ்டாண்டுப் பசங்ககிட்ட தனியாப் பேசிட்டேன். மிலேடி கடை பேட்டரியில ஒரு குறையும் இல்ல, கெடுறதுக்குக் காரணம் வேறன்னு. நாளையிலேர்ந்து உன்கிட்டயே வருவானுங்க. நான் கத்துறதைப் பெருசா எடுத்துக்காதே. கத்தலைன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்."

"யாருக்கு?"

"என் பொண்டாட்டிக்குத்தான். ராத்திரி அவ பண்றது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சுபோயிடுவா. கண்ணுதான் போச்சு, பக்கத்துல அவ படுத்திருக்காளா இல்லையான்னு கைக்குத் தெரியாதா?"

சார்ஜரிலிருந்து புதுப் பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள் மிலேடி.

அதைத் தடவிப் பார்த்து மெல்ல அவள் பக்கம் தள்ளினார் எலிஹியோ.

"இது வேணாம்மா. பழசையே குடு. இது சாகுறதுக்கு விடிஞ்சுபோகுது. அதுவரைக்கும் பாவம், அவ பனியில உட்கார்ந்திருக்கா."