பந்தியில் ஒரு காலி இலை

"அந்தம்மா வந்து உட்கார்ற வரைக்கும் ஒரு இலையிலயும் சோறு விழக் கூடாது!"

தாசில்தார் தாண்டவராயன் போட்ட சத்தத்தில், சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

1977, சுதந்திர தினம். புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் சமபந்தி போஜனம். அதிகாரிகளும் மலை ஜனங்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஒருத்தர்கூட விடுபடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

"சமையலை நாங்களே பாத்துக்கறோம், மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுக்காரங்க கை படக் கூடாது" என்று ஊர் ஒரு கண்டிஷன் போட்டது. அதற்கும் சரி என்று தலையாட்டி, அரிசி மூட்டையிலிருந்து அப்பளம் வரை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர் தாண்டவராயன். பாவம், மனுஷன் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. புளியமரத்தடியில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். வெளுத்துப்போன சேலை.

"யாருங்க அது? ஏன் உட்காரல?" என்று கேட்டார் தாண்டவராயன்.

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அவ பாஞ்சாலைங்க. காட்டோரமா தனியா கீறா. ஊரோட ஒட்ட மாட்டா, வீம்பு புடிச்சவ. வுடுங்கய்யா, நாம துன்னலாம்."

வுடுவதா? தாண்டவராயனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்த நாட்டுல யாரும் யாருக்கும் அந்நியம் இல்ல" என்று மைக்கே இல்லாமல் இப்போதுதான் தொண்டை கிழியப் பேசி முடித்திருந்தார். திருப்பத்தூரிலிருந்து போட்டோக்காரர் வேறு வந்து நிற்கிறார். படத்தில் ஓரமாக ஒருத்தி தனியாக நின்றால் மேலே இருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

சோற்றுக் கூடையை நிறுத்திவைத்த கையோடு, தன் இலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு இலை போடச் சொன்னார்.

"இங்க வாம்மா! என் பக்கத்துல உட்காரு. யாரு என்ன சொல்லிடுவாங்க, பாத்துடலாம்."

"வேணாங்க சாமி. நீங்க துன்னுங்க."

"ஏன், சாப்பாடு பிடிக்கலையா?"

"ஐயோ, நெல்லுச்சோத்த யாரு சாமி வேணாம்பாங்க?"

"அப்புறம் என்ன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மலைமேல் மேகம் கவிந்து லேசாகத் தூற ஆரம்பித்தது. பிள்ளைகள் வெறும் இலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பசி வேளையில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

"இவ ஒருத்தியால எல்லாரும் பட்டினி கெடக்கணுமா?" என்றாள் பந்தியில் இருந்த முத்தம்மா, மரத்தடிக்குக் கேட்கிற மாதிரி.

"நிக்கிற திமிரப் பாரு" என்று இன்னொரு குரல்.

அவளுக்காகப் பரிந்துகொண்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட, அந்த வரிசையிலிருந்து வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

தாண்டவராயன் விறுவிறுவென்று மரத்தடிக்குப் போனார்.

"உங்க மாதிரி ஜனங்களுக்காகத்தாம்மா இவ்வளவு பாடு. கவர்மெண்டே இறங்கி வந்து கூட உட்கார்றேங்குது, நீ என்னடான்னா நின்னு வேடிக்கை பாக்கற. மனுஷருக்கு இத்தனை வீம்பு ஆகாது."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சாமி." அவளுடைய குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் கீழ்நாட்டு ஆளக் கட்டிக்கினு எறங்கிப் போனவ. அவரு செத்துப் பூட்டாரு. போக்கிடம் இல்லாம திரும்பி வந்தேன். ஊரு சேத்துக்கல, தள்ளி வெச்சிட்டாங்க. நான் குந்துற பந்தியில யாரும் கை நனைக்க மாட்டாங்க. எல்லாரும் எலைய வுட்டு எந்திரிச்சிருவாங்க."

தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார். கோபால்சாமி மும்முரமாக இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏன் அந்தக் கவுண்டர் சொல்லல?"

"கவர்மெண்டு ஆளு ஒங்ககிட்ட, தள்ளி வெச்சிட்டோம்னு எப்டி சாமி சொல்வாரு? அதான் வீம்புன்னுட்டாரு. அப்டியே இருந்துட்டுப் போவட்டும்."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்திரிச்சா எந்திரிச்சுப் போகட்டும்! அவங்களுக்குத்தான் நஷ்டம். சட்டம் உன் பக்கம் இருக்கு, நான் இருக்கேன். எதுக்குப் பயப்படற? வா!"

"எனக்கு இன்னா சாமி பயம்? இனிமே புடுங்கிக்க எங்கிட்ட இன்னா கீது?"

"அப்போ வரவேண்டியதுதானே?"

பாஞ்சாலை சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். வரிசையின் கோடியில், நிமிராமல், வெறும் இலையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நரைத்த தலையை மோவாயால் காட்டினாள்.

"அது எங்கம்மா. நான் வந்து குந்தினா மொதல்ல எந்திரிக்க வேண்டியது பெத்தவதான். ஊரு கட்டு அப்டி. நெல்லுச்சோறு துன்னு எத்தினி நாளு ஆச்சோ அது. கிட்ட போயி ஒரு வாய் ஊட்டத்தான் எனக்குக் குடுத்து வெக்கல, அது வயிறு ரொம்பறத இங்க இருந்தாவது பாத்துட்டுப் போய்ட்றேன்... சோறு போடச் சொல்லுங்க சாமி."