நல்ல கிருமி

“நீங்க எழுதிக் குடுத்த கேப்சூல்ல ஒண்ணுகூட என் வாயில படல டாக்டர். படாமதான் இப்படி ஜம்முனு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் டிரைவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

குடல் மருத்துவருக்குச் சுருக்கென்றது. ஆறு மாதத்துக்கு முன் இதே மனிதர் இதே நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, கழிப்பறைக் கதவிலேயே கண்ணாக இருந்தவர். குடலெல்லாம் புண். ஓட்டுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடி ஓடி, டிப்போவில் அவருக்கு ‘அவசர நிறுத்தம்’ என்றே பெயராகிவிட்டது. மேலதிகாரிகள் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

மறுபடி பஸ் ஓட்டலாம் என்று மருத்துவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்கு டிரைவர் மனைவியோடு வந்திருக்கிறார்.

வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமிகளை அடைத்த கேப்சூல் என்று எங்கோ விளம்பரம் பார்த்தாராம். அன்றிலிருந்து அதுதான் அவருக்கு எல்லாம். உயிருள்ள கிருமியாம், குளிரில்தான் பிழைக்குமாம். அதனால் டப்பா ஃப்ரிட்ஜில், மனைவியின் பொறுப்பில். பக்கத்தில் அந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

மருத்துவர், நேற்று உள்ளே குழாய் விட்டு எடுத்த படத்தை மறுபடி பார்த்தார். குடல் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. அவருக்குச் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது. இத்தனை வருஷப் படிப்பை ஒரு டப்பாக் கிருமி தோற்கடித்தால் யாருக்குத்தான் எரியாது?

கிருமியை அவர் குறை சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் சிலருக்கு உதவலாம் என்று அவரும் படித்திருக்கிறார். ஆனால் மருந்தே இல்லாமல், அதை மட்டும் நம்பி ஒரு பஸ் ஜனத்தை இவர் கையில் எப்படி ஒப்படைப்பது? பாதி வழியில் வலி வந்து துடித்தால் என்ன ஆகும்? நயமாகவே எடுத்துச் சொன்னார். தான் எழுதியதையும் சாப்பிடுவதாக இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்றார்.

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஸ்டியரிங்கைத் தொடாம கை நமநமங்குது டாக்டர். அதுக்காக அந்த விஷத்த முழுங்கச் சொன்னா, என்னால முடியாது. எனக்கு என் கிருமி போதும்.”

ஊரில் வேறு டாக்டரா இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே விருட்டென்று வெளியேறினார். காத்திருந்த நோயாளிகளிடம் அவர் கிருமியின் அருமை பெருமைகளை அளக்க ஆரம்பித்தது உள்ளே வரை கேட்டது.

மனைவி அவர் பின்னால் போகவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜைமேல் கிடந்த தாளை மருத்துவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க தைரியமா கையெழுத்துப் போடுங்க டாக்டர்” என்றாள், குரலைத் தணித்து. “அப்படியே அன்னைக்கு எழுதின கேப்சூலுக்கும் இன்னொரு ஆறு மாசத்துக்குச் சீட்டு குடுத்துடுங்க. கிருமி டப்பாவுல அது இன்னும் நாலஞ்சுதான் மிச்சம் இருக்கு.”