குரங்கு காட்டின தரிசனம்

ராக்கெட்டுல ஒரு குரங்கும் ஒரு நாயும் போச்சுங்க. திடீர்னு ஜன்னலுக்கு வெளிய ஆயிரக்கணக்குல தங்கப் பொட்டு மின்னுச்சு. குரங்கு மைக்கைப் புடிச்சு, "நரி சார், தேவலோகத்துக்காரங்க நம்மளப் பாக்க வந்துட்டாங்க!"ன்னு கீழ பூமியில இருந்த நரிகிட்ட அலறுச்சு.

நாய் எட்டிப் பாத்துச்சு. "அடேய், காலையில குழாய் வழியா நீ வெளிய விட்ட மூத்திரம்டா! ஐஸாகி வெயில்ல மின்னுது. உண்மையச் சொல்லிடு."

"சொன்னா, எறங்கினதும் மாலையா விழும்? செருப்புதான் விழும். வாய மூடு."

அதுக்குள்ள நரி கூப்புட்டுச்சு. "அண்ணே, ஊரே டிவி முன்னாடி கற்பூரம் ஏத்திக்கிட்டு நிக்குது. மறுபடி எப்பண்ணே தரிசனம்?"

குரங்கு மைக்கைப் பொத்திக்கிட்டு நாயப் பாத்துச்சு.

"அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் குடு."