நகர்ந்த வாசல்

மோகனராஜ் மரம் வெட்டும் ஆளோடு வந்து இறங்கியபோது வீட்டின் கதவைக் காணவில்லை.

கதவு இருந்த இடத்தில் ஜன்னல் இருந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் கதவு இருந்தது. சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை.

வீடு மாறி வந்துவிட்டோமோ என்று இலக்கத்தைப் பார்த்தான். கெலுகோரில் அதே வரிசை வீடுதான். முன்னால் அதே ரம்புத்தான் மரம், கொத்துக் கொத்தாகச் சிவந்து நின்றது. அதை வெட்டத்தான் இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

வீடு விற்றுக் கொடுப்பது மோகனராஜின் தொழில். ஆறு மாதமாக இந்த வீடு மட்டும் கையை விட்டுப் போகாமல் அவன் உயிரை வாங்கியது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நேர் எதிரே மரம்.

மற்ற எதில் முட்டிக்கொண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் சீனர்களின் ஃபெங் சுவியும் நம்முடைய வாஸ்துவும் கைகுலுக்கிக்கொள்ளும். வாசலுக்கு நேரே மரம் ஆகாது.

கடைசியாக வந்த பிரமிளா கறாராகச் சொல்லிவிட்டாள். மரம் போனால் கேட்ட விலை. நின்றால் ஐம்பதாயிரம் வெள்ளி குறைவு.

வீட்டுக்காரி செல்வநாயகி அக்காவுக்கு அது சின்னத் தொகை இல்லை. கணவர் போன பிறகு தனியாள். ஈப்போவில் மகளுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு பேசி வைத்திருந்தார். ஐம்பதாயிரம் குறைந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

“வெட்டிடலாம்க்கா” என்று மோகனராஜ் சொன்னபோது அவர் ஒரு வாரம் தவணை கேட்டார்.

அந்த ஒரு வாரத்தில் நடந்த வேலை இது.

“என்னக்கா, கதவு எங்க போச்சு?”

“வாசலுக்கு நேரே மரம் நிக்கப்படாது எண்டுதானே தம்பி சொன்னவை? மரத்தை நகத்தேலாது. வாசலை நகத்தலாம்தானே?”

கோபம் வர வேண்டிய இடத்தில் மோகனராஜுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத் தொழிலில் அவனுக்கு இது தோன்றவே இல்லை.

சமையலறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். பின்சுவர் முழுக்க மேற்கு வெயில். இரண்டு மிடறு குடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் அவ்வளவு பெரிய மரம் நின்றும் வீட்டுக்குள் இந்த வேக்காடா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிரமிளா வந்தாள். புது வாசலில் நின்று வெளியே பார்த்தாள். நேர் எதிரே வெறும் தெரு. மரம் நல்ல பிள்ளையாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது.

“வாசலுக்கு நேரா குத்தல் இல்லன்னா மரம் இருக்கட்டும்லா. பிள்ளைங்க பழம் பறிப்பாங்க” என்றாள். கேட்ட விலைக்கே முடிந்தது.

மரம் வெட்ட வந்த இக்மல் ரம்பத்தை லோரியில் வைத்துவிட்டுப் பை நிறையப் பழம் பறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

மோகனராஜுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அக்காவுக்கு இனிப்பு நோய், பழத்தைத் தொடமாட்டார். அடுத்த மாதம் ஊரைவிட்டே போகிறவர். இருக்கிற சேமிப்பை எடுத்துக் கொத்தனாருக்குக் கொடுத்து இந்த மரத்தை எதற்காகக் காப்பாற்றினார்?

வங்கிக்கு அனுப்ப வீட்டு முகப்பின் புதுப் படம் வேண்டும். புதுக் கதவும் மரமும் சேர்ந்து விழவேண்டுமென்றால் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வேலியோரம் நிற்க வேண்டியிருந்தது.

அங்கே போனதும் உடம்பு சட்டென்று குளிர்ந்தது.

கீழே பார்த்தான். ரம்புத்தான் மரத்தின் நிழல் தெருவைக் கடந்து வந்து இந்த எதிர்வீட்டின் மேல் விழுந்திருந்தது. மேற்கு வெயில் நேராக முகத்தில் அறையும் வீடு. இரண்டு பக்கத்து வீடுகளும் வெயிலில் கண் கூச, இது ஒன்று மட்டும் நிழலில் இருந்தது.

கார் நிறுத்தும் இடத்தில் ஓர் இரும்புக் கட்டில். அதில் அந்த வீட்டுக்காரர் நாகூர் மீரான் தூங்கிக்கொண்டிருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த மனிதர். மூடிய கண்கள் மேல் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஷரீஃபா கட்டிலைப் பிடித்தபடி நின்றாள். ரம்பம் ஏற்றிய லோரி வந்ததிலிருந்து அங்கேயேதான் நின்றிருக்கிறாள் போலும்.

“ரெண்டு வருஷமா சாயங்காலம் இவருக்கு இங்கதான் தம்பி தூக்கம். உள்ள படுக்கவே முடியாது” என்றாள். பிறகு, கேட்க உரிமை இல்லாததைக் கேட்பவள்போலத் தயங்கி, “மரத்த வெட்டப் போறீங்களா?”

எதிரே புது வாசலில் செல்வநாயகி அக்கா தேநீர்க் கோப்பையைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மோகனராஜுக்கு அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது.

“இல்லக்கா, வெட்டல. அந்த மரம் நின்னாத்தான் அந்த வீட்டுக்கு வெல” என்றான்.

ஆறு மாதமாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது இதற்கு நேர்மாறு.