பதவுரை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் நாற்பத்திரண்டு பெண்களும் ஏழாவது கேள்விக்கு ஒரே விடையை, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். காப்பியடித்திருக்கிறார்கள் என்றுதான் தலைமையாசிரியை அருள்மேரி முதலில் நினைத்தார்.

'கருவுறுதல் என்றால் என்ன? அது எங்கே நடைபெறுகிறது?' என்பது கேள்வி. 'கரிய எருவை மண்ணில் சேர்ப்பது கருவுறுதல் எனப்படும். இது வயலில் நடைபெறுகிறது' என்பது விடை.

"காப்பி இல்ல மேடம். இது தமிழ் ஐயா கைங்கரியம்" என்றார் அறிவியல் ஆசிரியர் ஸ்ரீரங்கன். விடைத்தாள் கட்டை அவர் மேஜையில் போட்ட வேகத்தில் பேனா ஸ்டாண்டு சாய்ந்தது.

ஆள் அனுப்பி வரவழைத்ததும் தமிழாசிரியர் வேதாசலம் எதையும் மறுக்கவில்லை. பெண்கள் வகுப்பில் பொருள் கேட்டார்கள், பதம் பிரித்துச் சொன்னேன் என்றார். கரு என்றால் கருமை, உறுதல் என்றால் சேர்தல். நடுவில் எருவும் வயலும் எங்கிருந்து வந்தன என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

"ஐயா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார் அருள்மேரி.

"அஞ்சு மேடம்."

"அப்ப அர்த்தம் தெரியாமச் சொல்லல."

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு கடினமான பாட்டுக்கும் மூச்சு விடாமல் உரை சொல்கிற மனிதர்தான். பதினைந்து வயதுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கைக்குக் கிடைத்த எருவை அள்ளிப் போட்டுவிட்டார்.

அன்று மாலை நிர்வாகக் குழு கூடி உதவித் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்க இருந்தது. பட்டியலில் முதல் பெயர், இருபத்தாறு வருஷ சர்வீஸ் போட்ட வேதாசலம். இரண்டாவது பெயர் ஸ்ரீரங்கன்.

ஸ்ரீரங்கன் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. மார்ச்சில் பப்ளிக் பரீட்சையிலும் இப்படி எழுதினால், தாம்பரத்தில் ரயில் ஏறுகிற சிரிப்பு பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகும் என்றார். அடுத்தவர் பாடத்தில் மூக்கை நுழைத்தது தவறு என்று ஐயா எழுதித் தரவேண்டும், அது குழுவின் பார்வைக்குப் போகவேண்டும் என்றார்.

வேதாசலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளோடு பதவியும் போகிறது என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சரியான விடை என்னவென்று பார்த்துவிடலாம் என்று அருள்மேரி வகுப்புத் தலைவி சரசுவை அறிவியல் புத்தகத்தோடு வரச் சொன்னார். நன்றாகப் படிக்கிற பெண். பாடத்துக்குப் பாடம் சிவப்புப் பென்சில் கோடும், ஓரத்தில் 'முக்கியம்' என்ற குறிப்புமாக இருந்தது. கருவுறுதல் வருகிற பதினான்காம் பாடம் மட்டும் கடையிலிருந்து வாங்கி வந்தபடியே வெள்ளையாக இருந்தது.

அருள்மேரி அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சயின்ஸ் பாடத்துல வர்ற வார்த்தைக்குத் தமிழ் ஐயாகிட்ட எதுக்கும்மா அர்த்தம் கேட்டீங்க?"

சரசு ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இது தமிழ் வார்த்தை, தமிழ் ஐயாவைக் கேட்டுக்கோங்கன்னு சயின்ஸ் சாருதான் சொன்னாரு, டீச்சர்."