அறுபத்தெட்டு

“போன பரீட்சையில தொண்ணூத்தொண்ணு, இப்போ அறுபத்தெட்டு!” மூத்த மகளின் வரலாற்று மார்க்கைக் கேட்டதும் அப்பா பொரிந்து தள்ளினார். “பேப்பர்லயே எழுதலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னே!”

சோபாவில் சாய்ந்திருந்த மூத்தவள் சிரித்தாள்.

“சிரிப்பு வேறயா? இரு, மறுபடியும் பேப்பருக்கே மாத்தித் தரச் சொல்றேன்.” கைபேசியில் பள்ளிக்கூடத்தின் எண்ணை அழுத்தினார்.

“வேணாம்ப்பா!” என்று அலறியது இளையவள்.

“உனக்கென்னடி வந்தது?”

“பேப்பர் பரீட்சையில அக்கா சொல்லச் சொல்ல நான்தானே எழுதுவேன்? தப்பாச் சொன்னதையெல்லாம் சரியா மாத்தி எழுதிட்டேன்ப்பா.” இளையவளின் குரல் உடைந்தது. “தினமும் அவளுக்குப் பாடம் வாசிச்சு வாசிச்சு எனக்கே மனப்பாடம். தெரிஞ்சுக்கிட்டே தப்பா எழுத மனசு வரலை.”

மூத்தவள் எழுந்து, கையால் துழாவித் தங்கையின் தோளைப் பிடித்தாள்.

“எனக்கு அப்பவே சந்தேகம்டி. இந்தத் தடவை கம்ப்யூட்டர் கேள்வியை வாசிச்சுது, நானே டைப் பண்ணினேன். கண்ணு தெரியாதவளாச்சேன்னு அது பாவம் பார்க்கலை. அத்தனை தப்பும் என் சொந்தத் தப்புப்பா!”

“ஹலோ, சொல்லுங்க சார்” என்றார் கைபேசியின் மறுமுனையில் தலைமையாசிரியை.

அப்பா கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல மேடம். என் பெரிய பொண்ணு முதல் தடவையா தன் கையாலயே பரீட்சை எழுதி அறுபத்தெட்டு வாங்கியிருக்கா. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு.”